ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுடுகாடு

எங்க ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல, பெரிய ரோட்டை ஒட்டி இருக்கு. வீடுங்க எல்லாம் இந்தப் பக்கம். சுடுகாடு அந்தப் பக்கம். நான் வாக்கப்பட்டு வந்தப்போ அது ஒத்தை ரோடு. பொணம் கடக்குதுன்னா லாரிக்காரங்ககூட வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கி நிப்பாங்க. இப்போ நாலு வழி. நடுவுல நெஞ்சு உசரத்துக்கு சிமெண்ட் செவுரு.

அந்தச் செவுரு முதல்ல முழுசா இல்ல. ஊருக்கு நேரா ஒரு வழி விட்டிருந்தாங்க. எதிர்வீட்டு அம்மா செத்தப்போ அந்த வழியாத்தான் தூக்கிக்கினு போனாங்க. அவங்க மூத்த மகன் கொள்ளிச்சட்டியோட முன்னால போனான். மோளச் சத்தத்துல கார் வந்த சத்தம் யாருக்கும் கேக்கல. அவனை அடிச்சிட்டுப் போய் செவுத்து முனையில மோதி, காரோட மூஞ்சி அப்பளமா நொறுங்கிப் போச்சு. ஓட்டுனவன், உள்ளே காத்தடைச்சு உப்பியிருந்த வெள்ளைப் பைங்களுக்கு நடுவுலேர்ந்து இறங்கி வந்தான், நெத்தியில ஒரு கீறல் இல்ல. மறுநாள் அதே வாசல்ல இன்னொரு பாடை கட்டினாங்க.

ஊர் ஜனமெல்லாம் போய் ரோட்டுக்கு அடியில ஒரு வழி கேட்டோம். மாடும் மனுசனும் குனியாம போற மாதிரி ஒரு பொந்து, அவ்வளவுதான். இங்க கலெக்டர் ஆபீசுல கேட்டா அது சென்ட்ரல் ரோடும்மான்னாங்க. சென்ட்ரல்காரங்களைக் கேட்டா மாநிலம் எழுதி அனுப்பணும்னாங்க. கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து, விட்டிருந்த வழியையும் செவுரு வெச்சு அடைச்சிட்டாங்க. இனிமே ஆபத்தில்லையாம். கார் கம்பெனி வருதுன்னா நிலம் தர்றாங்க, தண்ணி தர்றாங்க, மாலை போட்டுக் கூட்டிக்கினு வர்றாங்க. அது தப்புன்னு நான் சொல்லல. என் மகனும் அப்படி ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்லதான் இருக்கான், அந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. ஆனா கார் போறதுக்கு வழி கேட்டா உடனே கிடைக்குது, பொணம் போறதுக்குக் கேட்டா கிடைக்கல.

மகன் ஒருநாள் சாப்பிட்டுக்கினே சொன்னான், புதுக் காரைச் செவுத்துல மோத விட்டுப் பாப்பாங்களாம். உள்ளே ஒரு பொம்மையை உக்கார வெச்சிருப்பாங்களாம். பொம்மைக்கு அடி படலன்னா காருக்கு ஸ்டார் குடுப்பாங்களாம்.

"வெளியில ஒரு பொம்மையை நிக்க வெப்பாங்களாடா?"ன்னு கேட்டேன்.

"எங்க லைன்ல அதெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா. கொழம்பு ஊத்து"ன்னான்.

போன ஐப்பசியில எங்க வீட்டுக்காரர் போய்ட்டார். நாலு மாசமா இழுத்துக்கினு இருந்த மூச்சு. விடியறப்போ நின்னு போச்சு. ஜனம் கூடிச்சு, பாடை கட்ட மூங்கில் வந்துடுச்சு. நான் அவர் தலைமாட்டுல உக்காந்திருந்தேன். அழுகை வரல. கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியது என் மகன், எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அதுவேதான் மனசுல ஓடிக்கினு இருந்துச்சு.

வாசல்ல கொழுந்தனார் சத்தம் கேட்டுச்சு. "நாலு பேர் முன்னாடியே செவுரு ஏறி அந்தப் பக்கம் நிக்கட்டும். நாம இந்தப் பக்கத்துலேர்ந்து தூக்கிக் குடுக்கலாம். ரெண்டு பேர் துண்டை ஆட்டி வண்டியை நிறுத்துங்க. ஜல்தியா முடிச்சிடலாம்."

மகன் சொன்னான்: "நூறுல வர்றவன் துண்டைப் பாத்தா நிறுத்துவான், சித்தப்பா? வேன் சொல்லிடலாம். பாலம் வரைக்கும் போய் யூ டர்ன் அடிச்சா சுடுகாட்டு வாசல்லயே நிறுத்திடுவான்."

"டேய், என்ன பேசுறே? யூ டர்ன் அடிச்சா பொணம் ஊரைப் பாத்துத் திரும்பி வருமே! தூக்குன பொணம் திரும்பக் கூடாதுடா. உங்கப்பன் என்ன டூரா போறாரு?"

ரெண்டு பேர் சிரிச்சாங்க. இன்னொருத்தர், "அவரு ஆயுசுல கார் ஏறுனதில்ல, இப்பவாவது ஏறட்டுமே"ன்னார். அதுக்கும் சிரிச்சாங்க. கொழுந்தனார் மட்டும் சிரிக்கல. நாங்க பாதி வழியில பாடையை இறக்கித் திருப்பி வெப்போம். அது வரைக்கும் அவர் வீட்டைப் பாத்துக்கினு போறதா கணக்கு. திருப்பினப்புறம் வீட்டை மறந்துடணும். அந்தத் திருப்புற இடம் இப்போ சரியா அந்த ரோட்டுக்குள்ள கெடக்குது.

ஆம்பளைங்க கூடின எடத்துல நான் வாயைத் திறந்தவ இல்ல. கொழுந்தனார் எதிர்ல உக்காந்துகூடப் பேசினதில்ல. எழுந்து நிலைப்படிகிட்ட போய் நின்னேன். கதவைப் பிடிச்சிக்கினேன்.

"வேனே வரட்டும்"னேன்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாது. ஊர் என்ன சொல்லும்? அண்ணன் ஆவி திரும்பி வாசல்ல வந்து நிக்கும்."

"நிக்கட்டும். நான் சோறு போடுறேன். என் புள்ளையை அந்த ரோட்டுல விட மாட்டேன்."

கொழுந்தனார் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்தார். "அப்ப நீங்களே பாத்துக்கோங்க"ன்னு தெருமுனையில போய்த் தனியா நின்னார். ஆனா வேன் கிளம்பறப்போ வந்து ஏறிக்கினார்.

எங்கள்ல பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும். நின்னோம். வேன் போச்சு. மத்தவங்க அழுது ஓய்ஞ்சப்புறம், திரும்பி நடக்கலாம்னு முந்தானையை உதறினப்போ, பக்கத்துல இருந்தவ என் கையைப் பிடிச்சு இழுத்தா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேன் வந்துக்கினு இருந்துச்சு. செவுத்துக்கு மேல அதோட கண்ணாடி மட்டும் தெரிஞ்சது, சாமந்தி மாலை தெரிஞ்சது. பொம்பளைங்க மறுபடி ஒப்பாரி எடுத்தாங்க. நடுவுல ஒரு கண்டெய்னர் லாரி, அதுக்குப் பின்னால கார், கார், கார். எங்க சத்தம் எங்களுக்கே கேக்கல. லாரி நகர்ந்தப்போ வேனைக் காணோம்.

பொழுதோட மகன் வீட்டுக்கு வந்து குளிச்சான். நான் சமையக்கட்டுல உக்காந்து அப்பத்தான் அழுதேன்.

மறுநாள் பால் தெளிக்கப் போகணும். வேன் கிடைக்கலன்னாங்க. இத்தனூண்டு பால் சொம்புக்கு யார் பாலம் வரைக்கும் போய்ச் சுத்திக்கினு வருவாங்க? கொழுந்தனாரும் மகனும் ரோட்டோரம் நின்னு, வண்டி இல்லாத நேரம் பாத்து ஓடினாங்க. நான் தெருமுனைக்கு வந்துட்டேன், யாரும் வராதேன்னு சொல்லல. மகன் செவுத்து மேல ஏறி உக்காந்து, சித்தப்பாகிட்டேர்ந்து சொம்பை வாங்கி மடியில வெச்சிக்கினான். அந்தப் பக்கம் கார் விடாம வந்துக்கினே இருந்துச்சு. அவன் குதிக்க முடியாம செவுத்து மேலயே உக்காந்திருந்தான்.