காமு அத்தை ஏறாத படி

எங்கள் வலியசாலை வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கப் புது வார்னிஷின் நெடி அடித்தது. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு, பிள்ளையில்லாமல் இறந்துபோன அவருடைய பெரியப்பாவின் கரமனை வீடும் நாஞ்சில் நாட்டு வயல்களும் வந்து சேர்ந்திருந்தன. ஆசாரிகள் ஈட்டி மரத்தில் அலமாரி செய்தார்கள்; அதுவரை எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள் 'சுகந்தானே?' என்று விசாரித்துக்கொண்டு சரியாகக் காப்பி நேரத்துக்கு வந்தார்கள்.

அந்தப் பெரியவர் வாதத்தில் விழுந்து கிடந்த வருஷங்களில் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டவள், சிறு வயதிலேயே கணவனை இழந்த அப்பாவின் அக்கா, காமு அத்தை. சாவு வீட்டில் எல்லார் முன்னிலையிலும், "இந்த வீடு உனக்குத்தான் அக்கா" என்று அப்பா சொன்னதை நானும் கேட்டேன். எழுதிக் கொடுக்கும் பேச்சு வந்தபோது அம்மாவின் அண்ணா குறுக்கிட்டார்.

"பொம்மனாட்டிக்கு எதுக்கு ஓய் வீடு? சோறும் துணியும் குடுத்தா மதி, அது போறும்."

அப்பா பத்திரப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். கரமனை வீடு வாடகைக்குப் போயிற்று. அத்தை எங்கள் அடுக்களைக்கு வந்தாள். சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த அம்மா தேடுவதை நிறுத்திவிட்டாள்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. நவராத்திரி முடிந்த மறுநாள், துணி மூட்டையோடு இறங்கி, எதிர்ச்சாரி வக்கீல் வீட்டுக்குச் சம்பளத்துக்குச் சமைக்கப் போய்விட்டாள். தெருவே பார்த்தது. அப்பா பதறிக்கொண்டு ஓட, நானும் பின்னால் போனேன்.

"என்னக்கா இது, ஊர் சிரிக்கறதே. ஆத்துக்கு வா."

"அங்கேயும் சமையல், இங்கேயும் சமையலாக்கும். இங்க மாசம் பொறந்தா சம்பளம் தரா." அத்தை அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டை இன்னிக்கே எழுதித் தரேன்."

"அன்னிக்கே தந்திருந்தா வாங்கிண்டிருப்பேன். இப்போ ஊர் சிரிக்கறதேன்னு தரே. வேண்டாம்டா."

அப்பா குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லி, வீட்டை வெள்ளையடித்துப் பூட்டிவைத்தார். அத்தை அந்தப் படி ஏறவேயில்லை. வக்கீல் வீட்டிலேயே இருந்து, அங்கேயே கண்ணை மூடினாள். வயல்கள் ஒவ்வொன்றாய்க் கைமாறின. காப்பி நேரத்து மனிதர்களும் ஒவ்வொருவராய் நின்றுபோனார்கள். கரமனை வீட்டை மட்டும் அப்பா கடைசிவரை விற்கவில்லை.

அவருக்குப் பின் என் தம்பிகள் விற்றார்கள். இன்று அங்கே ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. வக்கீல் வீடும் இடிக்கப்பட்டுவிட்டது. சொத்து விட்டுப்போன பெரியவரின் படம் மூத்த தம்பியின் கூடத்தில் சந்தன மாலையோடு தொங்குகிறது. அத்தையின் படம் எங்கள் யாரிடமும் இல்லை. அவளை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.