தூரத்தைக் குறைத்துச் சொல்லாதவர்

ஐயப்பன்தாங்கலில் காலையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் மலைக் குழுவின் வாட்ஸாப்பில், வழக்கமான காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே ஒரு வரி வந்தது: "கன்னியப்பன் அண்ணன் தவறிட்டாரு." நான் ஏற வேண்டிய பேருந்தை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். வாழ்நாளெல்லாம் நடத்துநராக விசிலடித்தவருக்கு இது பிடித்திருக்காது.

திருத்தணி, சோளிங்கர், பர்வதமலை என்று நம்மைக் கூட்டிப்போனவர் அவர். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களிடம் ஒரு பொய் சொல்வார்கள்: "அவ்ளோதான், கிட்ட வந்துட்டீங்க." புண்ணியத்துக்குச் சொல்கிற பொய்தான். ஆனால் அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. சோளிங்கர் படியில் நம் மல்லிகா மேடம் மூச்சு வாங்க நின்றபோது ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டே இறங்கினார். அண்ணன் அவரை மடக்கிவிட்டார். "நீ பாட்டுக்கு சொல்லிட்டுப் பூடுவ நைனா. ஏறப்போறது அவங்கதானே?" பிறகு மேடத்திடம், "இன்னும் பாதி கூட வரலம்மா. குந்து. தண்ணி குடி. நானும் குந்திக்கிறேன்" என்றார். மேடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று இறங்கிப் போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பயணத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவரும் அவரேதான்.

நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுந்து என் கால் நொறுங்கியது உங்களுக்குத் தெரியும். தகடு வைத்துத் தைத்தார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் "அடுத்த மாசமே ஓடுவீங்க பாருங்க" என்றார்கள். அடுத்த மாதம் வந்தது. கழிப்பறைக்குப் போகவே மனைவியின் தோள் வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். என் கால் இனி தேறாது, எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். பயிற்சியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அண்ணன் மேனாம்பேட்டிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தார். கையில் கொய்யாப்பழப் பை. எனக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணும் அப்போது இருந்தாள். "மெய்யா சொல்லும்மா. இவுரு நடக்க எவ்ளோ நாளாவும்?" என்று கேட்டார். அவள் தயங்கி, ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும் என்றாள். என் மனைவியின் முகம் வாடிப்போனது.

"கேட்டியா சார்? நீ இப்ப அடிவாரத்துலதான் கீற. தூரம் ஜாஸ்தி. ஆனா வழி கீது" என்றார் அண்ணன்.

எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு நிம்மதி. கால் போய்விடவில்லை, தூரம்தான் அதிகம். அன்று மாலையே பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினேன்.

நடக்கத் தேறியபின் அவரோடு மறுபடி பர்வதமலை போனபோது பாதியில் கால் மறுத்துவிட்டது. "இன்னிக்கி இவ்ளோதான்" என்றார். சமாதானம் எதுவும் சொல்லாமல் என்னோடு இறங்கினார். அதற்கடுத்த வருடம் இரும்பு ஏணிகளில் எனக்குக் கீழேயே, விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக ஏறி வந்தார். உச்சியில் மல்லிகார்ஜுனருக்கு என் கையாலேயே பால் ஊற்றினேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "எறங்கறதுதான் இன்னும் கஷ்டம். இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி லட்சுமி அக்காவிடம் சொல்லிக்கொண்டு புறப்படப் போனோம். ஆறிப்போன காபி அவர் பக்கத்திலேயே இருந்தது.

"கொஞ்ச நாள்ல சரியாப்பூடும்னு எல்லாரும் சொல்றாங்கோ. பூடுமா சார்?"

சரியாகிவிடும் என்றுதான் வாய்வரை வந்தது.

"இல்லக்கா. ரொம்ப நாள் ஆகும். நாங்க ஞாயித்துக்கிழமைதோறும் வர்றோம்."

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். அக்கா அந்த ஆறிய காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "சரி, வாங்கோ" என்றார்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்: தூரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டு ஆளைத் தனியே விட்டும் போகக் கூடாது.

ஞாயிறுதோறும் போகிறோம். மல்லிகா மேடமும் வருகிறார். அக்கா இன்னும் அழுகிறார். அழுதுகொண்டே எங்களுக்கும் சேர்த்து உலை வைக்கிறார்.