எட்டுப் பொம்மைகளின் அம்மா

ஆறாம் வகுப்பில் எனக்கு எட்டுக் குழந்தைகள். பள்ளிக் கண்காட்சிக்காக ஹிஸ்டரி மிஸ் ‘இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம்’ என்று ஓர் அரங்கு அமைத்தார். அதில் நான்தான் அம்மா. வகுப்பிலேயே பெரிய குரல் எனக்கு. மேடை என்றால் பயம் கிடையாது. முடிச்சூரில் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறிப் பொம்மைகளை இரவல் வாங்கினேன். ஒன்றுக்குக் கை இல்லை. ஒன்று கரடி. அதை மூத்த மகனாக வைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் எட்டுப் பெற்றால் பாதி தங்குவதே பெரிது என்று சொல்லி, நான்கு பொம்மைகளைப் பாயில் கிடத்தி வெள்ளைத் துணியால் மூட வேண்டும். பிறகு, “நிறைய குழந்தைகள் இருந்ததால் பெற்றவர்கள் அவ்வளவாக அழவில்லை” என்று முடிக்க வேண்டும். மிஸ் எழுதிக் கொடுத்த வசனம்.

கண்காட்சியன்று நடுவர்கள் வருவதற்குச் சற்று முன் என் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் குரலை இன்னும் ஏற்றினேன். கடைசி வரியைக் கணீரென்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை.

“அழலைன்னு யார் மிஸ் சொன்னது?” என்றாள் மெதுவாக.

மிஸ் சிரித்தார். “புக்ல அப்படித்தான் போட்டிருக்கு மேடம். அப்போல்லாம் அது சகஜம்தானே.”

“எழுதினவங்க அந்த வீட்டுல உக்காந்து பாத்தாங்களா? எத்தனை பெத்தாலும், ஒண்ணு போச்சுன்னா போச்சுதான் மிஸ்.”

மிஸ் பதில் சொல்வதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கைதட்டல் வாங்கிய வரி அது. ஆனால் துணியை மூடியபின், அம்மா அங்கே நிற்கும்போது அந்த வரி வாயில் வரவில்லை. நானாகச் சொன்னேன்:

“நாலு பேருக்கும் அழுதேன். மத்த நாலு பேருக்கும் சோறு வடிக்கணும். அதனால அடுப்பு முன்னாடியே உக்காந்து அழுதேன்.”

யாரும் கைதட்டவில்லை. பரிசு போய்விட்டது என்றே நினைத்தேன். முதல் பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்: “நான் மாத்திச் சொன்னது ஓகேவாம்மா?”

“சரியாத்தான் சொன்னே,” என்றாள், வெளியே பார்த்தபடி.

எனக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து, தவழ்வதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள் என்பதை என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சித்தி சொன்னாள். அன்று எனக்கு அது தெரியாது. நாலு பேர் எதிரில் அம்மாவின் பக்கத்தில்கூட உட்காராத அப்பா, வீடு வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். முடிச்சூர் ரோட்டில் பள்ளம் அதிகம், வண்டி குலுங்குகிறது, அதனால்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.