மூன்று முழத்தில் நின்ற சுவர்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நாற்பதைத் தாண்டிய பிறகும் இந்த ஸ்ரீரங்கத்து வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் யோசிக்கிறேன். ஏழு மாத வயிற்றோடு இருந்தபோதும் அப்படித்தான். அப்போது நடப்பதற்கு ஓர் ஊரே இடிந்து கிடந்தது.

கொள்ளிடத்தின் வடகரையில், திருவெள்ளறைக்குப் போகும் வண்டிப்பாதையை ஒட்டி என் அம்மாவின் ஊர். அப்பா இல்லை, அம்மாவும் அண்ணனும்தான். தலைப்பிரசவத்துக்கு ஆனியில் என்னை அழைத்து வந்தார்கள். ஆடியில் கொள்ளிடம் கரையை உடைத்துக்கொண்டு வந்தது. மேட்டுத் தோப்புக்கு ஓடித் தப்பினோம். தண்ணீர் வடிந்து இறங்கிப் பார்த்தால் இருபது வீட்டுத் தெருவில் ஒரு வீடுகூட இல்லை. மண் சுவர்கள் கரைந்து, அலுத்துப்போன மாடுகள் மாதிரி படுத்திருந்தன. அடுப்பு இருந்த இடத்தை அம்மா காலால் தடவித் தேடினாள்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கோபுர வாசலில் பூக்கடை வைத்திருந்தவர், அளந்துதான் பேசுவார். தோப்பில் நாங்கள் ஒண்டியிருந்த கீற்றுக் கொட்டகையைச் சுற்றிவந்து பார்த்தார்.

"சம்பந்தி, புரட்டாசி மூணாஞ் சனிக்கிழமை வருவேன். கூரையோட வீடு இருந்தா இங்கயே பெத்துக்கட்டும். இல்லேன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் சொன்னதில் தப்பேயில்லை. ஆனால் மகளை முதல் பிரசவத்துக்குச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அம்மா எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பாள்? அன்று அவள் சாப்பிடவில்லை.

தாலுகாவிலிருந்து ஓர் ஆள் வந்து சேதத்தை எழுதிக்கொண்டு போனார். வரும் உதவி வரட்டும் என்று ஊர் மண்ணில் இறங்கிவிட்டது. வீட்டைத் தின்ற ஆறு விட்டுப்போன வண்டலிலேயே வீடு கட்டுவது என்று முடிவு. வெறும் வண்டல் காய்ந்தால் வெடிக்கும். அதனால் திருவெள்ளறை மேட்டிலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் வந்தது. வைக்கோலைப் போட்டு எல்லோரும் மிதித்தோம். காலையில் வயலில் ஆறு கொட்டிவிட்டுப் போன மணலை அள்ளுவது, மதியத்துக்கு மேல் சுவர்.

சுவர் வேலையைக் கையில் எடுத்தவர் கொடிக்கால் பாய். அவருடைய வெற்றிலைக் கொடிக்கால் முழுவதையும் ஆறு கொண்டுபோயிருந்தது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. மண் சுவரை ஒரு முழம் வைத்தால் நன்றாகக் காயவிட்டுத்தான் மேலே ஏற்ற முடியும். காயும் நாளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன் என்று அவர் ஒரு வழி சொன்னார். நாளுக்கு இரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு முழம். பத்து நாளில் தெரு முழுக்க ஒரு சுற்று. நாலு சுற்றில் நாலு முழம். யார் வீடும் முந்தாது, யார் வீடும் பிந்தாது.

அந்த ஆவணியை நான் மறக்கவே மாட்டேன். ஊர் முழுவதும் முழங்கால் உயரத்தில் நின்றது. பத்து நாள் கழித்து இடுப்பு உயரம். நடவு முடிந்த வயல் போல இருபது வீடுகள் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. என் வயிறும் அவற்றோடு ஏறியது. நான் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து சுவர்களைச் சாணால் அளந்தேன். அளக்க அளக்கப் பயம். நாலு முழம் ஏறி, இருபது வீட்டுக்கும் கூரை வேய்ந்து, அதில் எங்கள் முறை எப்போது வரும்?

மூன்றாவது சுற்றில் எங்கள் வீட்டுக்கு முழம் வைத்துவிட்டு எல்லோரும் அடுத்த வீட்டுக்குப் போனதும், அண்ணனை நச்சரித்தேன். மண் மிச்சம் இருக்கிறது, முன்சுவரிலாவது நாலாவது முழத்தையும் வைத்துவிடு என்றேன். அவன் தயங்கினான். நான் அழுதேன். வைத்தான்.

பொழுது சாய்வதற்குள் சுவருக்கு வயிறு வைத்தது. என்னுடையதைப் போலவே முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டது. புதிதாக வைத்த இரண்டு முழமும் கீழே.

பாய் வந்து பார்த்தார். யார் யோசனை என்றார். என் யோசனைதான் என்றேன்.

"கேட்டிருக்கலாமேம்மா. கூரை போடறதுல உன் வீடுதான் மொதல்னு வேலை ஆரம்பிச்ச அன்னைக்கே பேசி முடிச்சாச்சு."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"நாள் முழுக்கத் தெருவ அளந்துட்டு இருக்கே. உன் காதுல விழாத சேதி ஒண்ணு இந்த ஊர்ல இருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மண் மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

நாலாவது சுற்றில் எல்லாச் சுவர்களும் நாலு முழம் நின்றன. எங்கள் முன்சுவர் மட்டும் மூன்று. மகள் செய்த தப்புக்கு எங்கள் வீடு கடைசியில் போகட்டும் என்று அம்மாவே ஊர் முன்னால் சொல்லிவிட்டாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. "பேசினது பேசினதுதான்" என்றார் பாய். "சுவரு குட்டைன்னா கூரை கொஞ்சம் சரிஞ்சு நிக்கும். மழைக்கு அதுவும் நல்லதுதான்." முதல் கீற்று எங்கள் வீட்டில்தான் ஏறியது. பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் புருவம் வரை முக்காட்டை இழுத்துவிட்ட மாதிரி ஒரு வீடு.

மூன்றாம் சனிக்கிழமை மாமியார் வந்தார். தெருவில் பாதி வீடுகளில் ஆட்கள் கூரைமேல் இருந்தார்கள். எங்கள் வாசலில் நின்று, குட்டையான கதவு நிலையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, உள்ள வர்றதுக்கே என்னைக் குனிய வச்சுட்டீங்க."

"உங்க மருமக கட்டின சுவரு. அவளைக் கேளுங்க" என்றாள் அம்மா.

மாமியார் குனிந்து உள்ளே வந்தார். முன்சுவரில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மண் ஒட்டவில்லை. மூலையில் புது அடுப்பைப் பார்த்தார். வெந்நீர் வைக்க இது போதாது, பின்னால் பெரிதாக ஒன்று போடுங்கள் என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வண்டிய ஓட்டிட்டுப் போப்பா. கடையை எம் பையனப் பாத்துக்கச் சொல்லு. நான் புள்ள பொறந்த பெறகு வரேன்."