பால்சுறாவும் மல்லிகைச் சரமும்

எனக்கு ஓரிடத்தில குந்தியிருக்க ஏலாது. சுவிஸில, பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில முதியோர் இல்லத்துக் குசினியில சமையல் வேலை செய்யிறன். அங்க ஆரும் 'இருந்து ஒரு கோப்பி குடியுங்கோ' எண்டாலும் நிண்டபடிதான் குடிப்பன். அப்பிடிப்பட்டவளுக்கு, தம்பிக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திட்டுது எண்டு ஃபோன் வந்தா என்ன நடக்கும்? பஸ்ஸும் ட்ராமும் மாறித் தமிழ்க் கடைக்கு ஓடி, ஐஸ்பெட்டியைக் கிண்டி ஒரு பால்சுறாவை எடுத்தன். பால் சுரக்க அதைப்போல ஒண்டில்லை. அம்மா இருந்திருந்தா அவதான் இதெல்லாம் செய்து குடுத்திருப்பா. அம்மா செத்துக் கனகாலம், இப்ப எனக்குத்தான் அந்தப் பொறுப்பு.

"அக்கா, சாப்பாடு ஒண்டும் கொண்டு வராதேங்கோ" எண்டு தம்பி சொன்னவன்தான். ஆர் கேட்டது? சுறாவை அவிச்சு, தோலுரிச்சு, உதிர்த்து, உள்ளியும் மிளகும் அள்ளிப்போட்டு வறுத்தன். மணத்துக்குக் கீழ்வீட்டுச் சுவிஸ்காரி முறைச்சா. முறைக்கட்டும்.

ஆஸ்பத்திரியில மச்சாள் தனிய இருந்தா. தம்பியின்ர மனுசியைச் சொல்லுறன். அவ பெரு நாட்டு மலையில பிறந்தவ, அந்த மண்ணின்ர ஆதிக்குடிச் சனம். கைக்குழந்தையா இருக்கேக்கையே ஒரு சுவிஸ் குடும்பம் தத்தெடுத்து வளர்த்தது. பார்க்க எங்கட ஆள் மாதிரித்தான் இருப்பா. சேர்ச்சில எத்தினை பேர் அவவோட தமிழில கதைச்சுப்போட்டு முழிச்சிருக்கினம்! நானும் அவவும் கதைக்கிறது பேர்ன் ஜேர்மனில. எண்டாலும் என்னை 'மச்சாள்' எண்டுதான் கூப்பிடுவா, அதில எனக்கு ஒரு பெருமை.

வறையைக் கண்டதும் மனுசி ஆசையாச் சாப்பிட்டா. நானும் வழிச்சு வழிச்சுப் போட்டன். அப்பதான் தம்பி பிள்ளையோட உள்ள வாறான். பிள்ளையின்ர வாயில போத்தில்!

"இதென்னடா கூத்து? தாய் குத்துக்கல்லாட்டம் இருக்க, பிள்ளைக்கு மாப்பாலோ? பால் குடுக்காமல் விடுறது இப்ப ஸ்டைலோ?"

நான் போத்திலைக் காட்டிக் கத்தினதே மச்சாளுக்கு விளங்கக் காணும். அவதான் கரண்டியை வைச்சிட்டுச் சொன்னா. "என்ர ரத்தத்தில ஒரு வைரஸ் இருக்கு மச்சாள். பாலோட பிள்ளைக்குப் போகும். நான் குடுக்கக் கூடாது."

"எயிட்ஸோடா?" எண்டு தம்பியிட்டத் தமிழில கேட்டன்.

"பாத்தீங்களோ, இதுக்குத்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" எண்டு அவன் சீறினான். "அது இல்லை அக்கா. இதுக்குப் பேர் எச்.டி.எல்.வி. ரெண்டும் ரெட்ரோவைரஸ் எண்ட ஒரே வகை, ஆனா வேற வேற." எண்டாலும் அவவின்ர தட்டை எடுக்கப்போன என்ர கை தன்பாட்டில பின்னுக்கு வந்தது. அவ அதைக் கண்டவ. எனக்கு மூஞ்சையை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை.

பிறகு ரெண்டுபேரும் மாறி மாறி விளங்கப்படுத்திச்சினம். வயித்தில பிள்ளை இருக்கேக்க அவவுக்குக் கால் விறைச்சு விறைச்சு வந்ததாம். மலையேறித் திரிஞ்ச மனுசி, வெறும் தரையில தடக்குப்பட்டு விழுந்திருக்கிறா. பிள்ளைப் பாரம் எண்டு எல்லாரும் சொல்ல, ஒரு நரம்பு டொக்டர் மட்டும் "நீங்கள் எங்க பிறந்தனீங்கள்?" எண்டு கேட்டு ரத்தம் எடுத்தவவாம். கனபேருக்கு இந்த வைரஸ் ஆயுசு முழுக்க ஒண்டும் செய்யாதாம். சிலருக்கு முள்ளந்தண்டு நரம்பைப் பிடிச்சுக் காலை விழுத்தும், சிலருக்கு ரத்தத்தில புற்றுநோய் வரும். அதை உடம்பை விட்டுக் கலைக்க மருந்தில்லை. சுவிஸில இது சரியான அபூர்வம். ஆனா அவவின்ர மலைச் சனத்துக்கும், அவுஸ்திரேலியாவின்ர நடுப் பாலைவனத்து ஆதிச் சனத்துக்கும் தலைமுறை தலைமுறையாத் தாயிட்ட இருந்து பிள்ளைக்கு வாறதாம்.

"ஐரோப்பியருக்கு வந்திருந்தா இதுக்குள்ள ஒரு ஊசி கண்டுபிடிச்சிருப்பினம்" எண்டா மச்சாள். "அந்த மலையில என்னைப்போல கால் இழுக்கிற பொம்பிளையளுக்கு, இது இன்ன வருத்தம் எண்டு சொல்லக்கூட ஆளில்லை." பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் சொன்னா.

பாலை நிப்பாட்டக் குடுத்த மருந்துக் குளிசை அவவுக்கு ஒத்துவரேல்லை. ஒரே சத்தியெடுப்பும் தலைச்சுத்தும், அதால நிப்பாட்டிப் போட்டினமாம். அதுக்கு மேல போய் நான் சுறாவைத் தீத்தியிருக்கிறன்! சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு தாதி சிரிச்சா.

ஆஸ்பத்திரியால தம்பியாக்களின்ர பூம்ப்ளிஸ் வீட்டுக்கு வந்த கையோட மச்சாளுக்குப் பால் கட்டிப்போச்சு. மார் ரெண்டும் கல்லு, சட்டை முழுக்க ஈரம், மேல்காய்ச்சல் வேற. வீட்டுக்கு வாற மருத்துவிச்சி குளிர்ந்த தயிர்க்கட்டியைத் துணியில பூசிக் கட்டிவிட்டிட்டுப் போனா. பிள்ளையெண்டா போத்திலைத் தட்டித் தட்டி வீரிடுது. போத்திலுக்கு வேற சூப்பி வாங்கத் தம்பி கடைக்கு ஓடினான். நான் குசினிக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தன். திரும்பிப் பார்த்தா, மச்சாள் பிள்ளையை மடியில கிடத்தி, சட்டைப் பொத்தானைக் கழட்டுறா.

"ஒரே ஒருக்கா மச்சாள். ஒருக்காக் குடுத்தா என்ன ஆகும்?"

ஐயோ! பாய்ஞ்சுபோய்ப் பிள்ளையைப் பறிச்சன். "உனக்கென்ன விசரோ? உன்ர காலைப் பாத்தபிறகுமோ?" எண்டு கத்தினன்.

அவ கத்தேல்லை. வெறும் கையை மடியில வைச்சபடி சொன்னா. "பிறந்த அண்டே என்ர அம்மா என்னை ஒரு ஆஸ்பத்திரி வாசலில விட்டிட்டுப் போட்டா எண்டுதான் எனக்குச் சொன்னவை. டொக்டர் சொல்லுறா, இது பெரும்பாலும் கனமாதம் தாய்ப்பால் குடிச்ச பிள்ளையளுக்குத்தான் வாறது எண்டு. அப்ப அவ என்னை வைச்சிருந்திருக்கிறா. மாதக் கணக்காப் பால் தந்திருக்கிறா. பிறகு என்ன நடந்தது? அவவாத் தந்தவவோ, இல்லாட்டி ஆரும் பறிச்சுக்கொண்டு போனவையோ?"

பறிச்ச பிள்ளை என்ர கையில கிடந்து கத்துது. ஆரிட்டப் போய்ச் சண்டை பிடிக்க? ஆத்திரம் ஆத்திரமா வந்தது. பிள்ளையைத் தோளில போட்டு அறைக்குள்ள நடந்தன். நடக்க நடக்கப் பிள்ளை அடங்கிப் போத்திலைச் சூப்பத் தொடங்கிச்சுது. எங்கட வீட்டுப் பிள்ளைதான், அதுக்கும் நடை வேணும்.

தம்பி வந்ததும் பிள்ளையைக் குடுத்திட்டு வெளிக்கிட்டன். ஊரில, பிள்ளை தவறிப்போன ஒரு சித்திக்குப் பால் வத்த அம்மா மாரில மல்லிகைப்பூ வைச்சுக் கட்டினது ஞாபகம் வந்தது. அண்டைக்கு வெள்ளிக்கிழமை, தமிழ்க் கடைக்குப் பூ வாற நாள்.

"அண்டைக்குச் சுறா, இண்டைக்குக் கிடக்கிற பூவெல்லாம். வீட்டில என்னக்கா விசேசம்?" எண்டார் கடைக்காரர்.

"விசேசம்தான். கட்டித் தாங்கோ" எண்டன்.

பூக் கட்டலாமோ எண்டு மருத்துவிச்சியிட்ட ஃபோனில கேட்டன். கட்டுங்கோ, ஆனா குளிர்த் துணியையும் விடாதேங்கோ, காய்ச்சல் ஏறினா உடன கூப்பிடுங்கோ எண்டா. மச்சாளைக் கட்டில்ல நிமித்தி இருத்தி, சரத்தைச் சுத்திச் சுத்தி மாரில வைச்சு, மேல ஒரு துணியால கட்டினன். இந்தமுறை என்ர கை பின்னுக்குப் போகேல்லை. அறை முழுக்கப் பூ மணம். அவ கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. நித்திரையாக்கும் எண்டு நினைச்சன்.

"மச்சாள்" எண்டா. "என்னைக் கொண்டு போகேக்க, என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தானே பால் கட்டியிருக்கும்?"

"ஓம். கட்டியிருக்கும்."

"அவவுக்கு ஆர் வந்து கட்டி விட்டிருப்பினம்?"

நான் அவவுக்குப் பக்கத்தில, கட்டில்ல இருந்தன். கனநேரம் எழும்பேல்லை.