காற்றுக்கு எதிரே

எர்ணாவூரில் எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் எப்போதும் ஒரு துண்டு தொங்கும். துடைப்பதற்கு அல்ல. ஆலையில் விஷவாயு கசிந்து சங்கு விட்டுவிட்டு ஊதினால் அதை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். வாயு காற்றோடு போகும். நாம் எதிரே போக வேண்டும். இதை எங்கள் தெருவில் யாரும் சொல்லித் தருவதில்லை. தானாக வந்துவிடுகிறது.

அண்ணன் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். அண்ணி போன பிறகு இருமல்தான் அவருக்குத் துணை. இந்த ஊர்க் கரித்தூளை விட்டுப் போனால்தான் நுரையீரல் பிழைக்கும் என்றார் டாக்டர். கூட வேலை பார்த்த பர்மாக்காரர் ஒருவரின் யோசனைப்படி, தாய்லாந்து எல்லையில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூருக்குப் போய்விட்டார். இங்கே மருந்துக்கே பற்றாத பென்ஷனில் அங்கே மாடி அறை, இரண்டு வேளை மீன் சோறு, ஒரு சைக்கிள். வயசான காலத்தில் தேசாந்தரம் கேட்கிறதா என்று கிண்டல் செய்வேன். அவரோ வீடியோவில் ஆற்றைக் காட்டி, "காத்து சும்மா ஜிலுஜிலுன்னு கீதும்மா, நீயும் வந்துடு" என்பார். ஆறே மாதத்தில் இருமல் நின்றது. அக்கரை பர்மா, அங்கே சண்டை நடக்கிறது என்பதை மட்டும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பக்கம் சங்கு ஊதியது. அண்ணன் முகம் வெளிறிவிட்டது.

"இன்னாம்மா, இங்கயும் ஊதுது? இன்னா பண்றது?"

நின்று யோசிக்கிற பழக்கம் எனக்கு ஏது? அவருக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்த சன்னலின் திரை அறைக்குள் உப்பிக்கொண்டிருந்தது. காற்று ஆற்றிலிருந்து வருகிறது.

"துண்ட நனைச்சி மூஞ்சில கட்டிக்கோணா. ஆத்துப் பக்கமா ஓடு."

அவரும் எர்ணாவூர்க்காரர்தானே, ஓடினார். போனில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு வெடிச் சத்தம், படமே குலுங்கியது. இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது. அது வாயுவுக்கு ஊதிய சங்கு இல்லை, குண்டுக்கு ஊதியது. ஊரே குழிக்குள் பதுங்கியிருக்க, நான் என் அண்ணனைக் குண்டு வருகிற கரைக்கே அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலியைப் பார்த்து, படுணா, படுணா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அரைமணி கழித்துக் கீழே கடை வைத்திருக்கும் அம்மாள் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார். முழங்காலெல்லாம் சேறு. துண்டு முகத்தில் கட்டியபடியே இருந்தது. திட்டுவார் என்று பயந்தேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஓடிட்டேம்மா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பதுங்கும் குழியைக் காட்டிவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று அவர் எவ்வளவோ சொன்னார். வந்துவிடும்படி தினமும் அழுதேன். என் பயத்துக்காக வந்தார். மறு மாதமே இருமலும் வந்தது. அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

போன வாரம் ஆலைச் சங்கு ஊதியது. கை தானாகத் துண்டை எடுத்து நனைத்தது. வாசலுக்கு வந்தேன். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு, "எந்தப் பக்கம்க்கா ஓடறது?" என்று கேட்டாள். காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து வருவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. துண்டை அவளிடம் நீட்டினேன். வாய் மட்டும் திறக்கவில்லை.