ஆரின்ர கதை வடிவு

வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் நான் நித்திரை கொள்ளத்தான் பார்ப்பேன். அன்றைக்கு விடவில்லை. முன் சீற்றில் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண் தன் மகளோடு இருந்தார். மகள் தாயிடம் பிரெஞ்சில் எதையோ விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்ற ஒரு வயதான மாஸ்ரர், "என்ன வடிவான கதை பிள்ளை, குருவி கத்துற மாதிரி," என்றார். எங்கள் பக்கத்தில் பேச்சைக் கதை என்போம், அழகை வடிவு என்போம்.

"குருவிக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருக்குப் போலை மாஸ்ரர்," என்றார் கொண்டக்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். "அந்தத் தடிமன் எனக்குத் தொத்த எத்தினை வருசம் எடுத்தது தெரியுமே தம்பி!"

அதோடு பஸ் முழுக்கப் பிடித்துக்கொண்டது. மரக்கறிப் பையோடு இருந்த ஒரு அக்கா, இந்திய நாடகங்களில் வருகிற பெண்கள் கதைப்பதுதான் வடிவு என்றார். "அது கதையே? அழுகையெல்லோ!" என்றது பின் சீற்றிலிருந்து ஒரு குரல். மாஸ்ரர் யாழ்ப்பாணத்துத் தமிழைப் போல சுத்தமானது இல்லை என்று தொடங்கினார்.

"சுத்தம் வேறை, வடிவு வேறை. ஆஸ்பத்திரிக் கட்டிலும் சுத்தம்தான், ஆர் ஆசைப்பட்டுப் போய்ப் படுக்கிறது?" என்றார் கொண்டக்டர்.

"அப்ப நெடுந்தீவாற்ற கதை?" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஐயோ, அவை ஒரு சொல்லை நெடுந்தீவில துவங்கினால் போட் கடல் தாண்டிக் குறிகட்டுவானுக்கு வந்து சேரேக்கைதான் முடிப்பினம்," என்றார் கொண்டக்டர்.

அந்தச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. எனக்குப் பக்கத்தில் யன்னலோரமாக இவர் இருந்தார். என் கணவர். பிறந்தது நெடுந்தீவில். முன்பென்றால் இதற்கு ஒரு பதில் வந்திருக்கும், அந்தப் பதிலுக்கும் பஸ் சிரித்திருக்கும். இப்போது வலக்கையை மடியில் வைத்து, அதை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி இருந்தார். கேட்டதா, விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை.

கொண்டக்டர் என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்கள் சொல்லுங்கோவன், ஆரின்ர கதை வடிவு?" என்றார்.

இத்தனை பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிவிடும். "எனக்குத் தெரியாது தம்பி," என்று சொல்லிவிட்டுப் பண்ணைப் பாலத்துக் கடலைப் பார்த்தேன். பேச்சில்லாத ஒரு மனிதனைப் பேச்சுப் பழக்கக் கூட்டிக்கொண்டு போகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கொண்டக்டருக்கு எப்படித் தெரியும்?

இவர் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் போட்டுகளில் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவர். மாரி தொடங்கின நேரம், ஒரு காலையில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே துறையில் விழுந்துவிட்டார். பாரிசவாதம் என்றார்கள். வலப்பக்கம் சோர்ந்துபோனது. காலில் கொஞ்சம் பலம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்தது இவர்தான். கடைக்காரரோடு, கிராம சேவகரோடு, கலியாண வீடுகளில், செத்த வீடுகளில் எல்லாம் இவர் கதைப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான், வகுப்பிலும் கையுயர்த்தி அறியேன். கலியாணமான புதிதில் என் சொந்தக்காரர்கள் இவரின் இழுவையைப் பழித்துக் காட்டுவார்கள். இவருக்குக் கோபம் வராது. "நாங்கள் கடல் தாண்டிக் கேக்க வேணுமெண்டு கதைக்கிற ஆக்கள். உங்களுக்கு வேலி தாண்டினால் போதும்," என்பார். தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு வருகிற சனங்களிடம் கேட்டுக் கேட்டே சிங்களமும் பிடித்துக்கொண்டார். "நகின்ன, நகின்ன! இக்மன் கரன்ன!" என்று கூப்பிடுவார். ஏறுங்கோ, ஏறுங்கோ, சுறுக்குப் பண்ணுங்கோ என்று அர்த்தம். சிங்களத்தையும் நெடுந்தீவுக்காரர் மாதிரித்தான் இழுப்பார். வெள்ளைச் சேலை கட்டின அம்மாக்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போட்டில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

விழுந்த பிறகு இவரிடமிருந்து வந்த முதல் சொல்லும் அதுதான். நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். "இக்மன் கரன்ன," என்றார். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பவும் சொல்லச் சொன்னேன். பிறகு எதைக் கேட்டாலும் அதுதான். தண்ணி வேணுமா? இக்மன் கரன்ன. குளிருதா? இக்மன் கரன்ன. பார்க்க வந்த அயல்வீட்டு அக்கா, "எந்தப் போட்டுக்கு நேரம் போகுதாம் அண்ணைக்கு?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். அவர் போனபின் கிணற்றடிக்குப் போய்க் கழுவின சட்டிகளைத் திரும்பக் கழுவினேன்.

பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை மட்டக்களப்புப் பக்கம். வயது முப்பதுக்குள் இருக்கும். அவளின் கதையை முதல்நாள் கேட்டபோது நான் வந்த களைப்பையே மறந்துவிட்டேன். "வாங்கக்கா, இருங்க, வெயிலுக்குள்ளால வந்திரிக்கீங்க, தண்ணி குடிங்க, மறுகா பாப்பம்," என்றாள். 'பிறகு' என்று நாங்கள் சொல்லுகிற இடத்தில் அவளுக்கு 'மறுகா'. ஒரு சொல்லை அடுத்த சொல்லின் தோளில் கைபோட்டு அனுப்புகிற மாதிரி இருக்கும். அவள் ஏசினால்கூட உபசரிப்பது போலத்தான் கேட்கும் என்று நினைத்தேன்.

"இக்மன் கரன்ன" என்று இவர் சொன்னதும் எனக்கு வந்த ஆசையை அவள்தான் மெதுவாக இறக்கி வைத்தாள். "அது தன்பாட்டில வாறதக்கா. பாட்டுப் போல, தேவாரம் போல. அவரே தேடி எடுத்துச் சொல்ற ஒரு சொல்லு வேணும். ஒண்டு வந்தாப் போதும், அதப் பிடிச்சிக்கிட்டு மற்றதக் கொண்டு வரலாம்."

அந்த ஒன்றுக்கு அவள் தெரிந்தெடுத்தது என் பெயரை. என்னைக் காட்டி, "இவங்க ஆரு? பேர் சொல்லுங்க ஐயா," என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். இவர் என்னைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், பிறகு மேசையைப் பார்ப்பார். வீட்டிலும் பழக்கச் சொன்னாள். "நீங்களும் அவர்ர பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா, உசார் வரும்."

எங்கள் வழக்கத்தில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்வதில்லை. இவரும் என் பெயரைச் சொன்னதில்லை. பிள்ளை இருந்திருந்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லியாவது கூப்பிட்டிருப்போம், அதுவும் இல்லை. நான் "இஞ்சாருங்கோ" என்பேன், இவர் "இஞ்சாரும்" என்பார். இங்கே பாருங்கோ, இங்கே பாரும் என்பதுதான் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. முற்றத்திலிருந்து கூப்பிட்டால் குசினி அடுப்படியில் கேட்கும். வேறு யாரும் வீட்டில் இல்லாதபோது பெயர் எதற்கு?

இதை அந்தப் பிள்ளையிடம் சொன்னால் முடிந்துவிடுகிற விசயம். என்னால் ஏலவில்லை. புருசனும் பெண்சாதியும் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று படித்த ஒரு பெட்டையிடம் எப்படிச் சொல்வது? வீட்டு அறையைத் திறந்து காட்டுகிற மாதிரி இருந்தது. அதனால் அவள் சொன்னதையே செய்தேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, நெஞ்சில் விரலை வைத்து என் பெயரை நானே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. எனக்குத்தான் ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். இவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட, குசினிக்குள் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் பழகிப் பார்த்தேன். முன்னால் வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

பஸ்ஸில் அந்தக் கதை நடந்த அன்றைக்கும் கிளினிக்கில் இதே கேள்விதான், இதே மௌனம்தான். முடிந்தபின் அந்தப் பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டாள். "அக்கா, பின்னால நிறையப் பேர் காத்துக்கிட்டு இரிக்காங்க. வாற கிழமை பாப்பம். மறுகாவும் இப்பிடியே எண்டா, வீட்டில வச்சிச் செய்யிற பயிற்சியத்தான் தந்து விடோணும். இஞ்ச கிழமைக்குக் கிழமை வரத் தேவையில்ல." அந்த வடிவான கதையில் அதைக் கேட்டபோது முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் விளங்கியது. இனி இவர் கதைக்கமாட்டார் என்று சொல்கிறாள். இனி எங்கள் வீட்டில் என் குரல் மட்டும்தான். எனக்கே பிடிக்காத குரல் அது.

இரண்டொரு நாள் போயிருக்கும். பனங்கிழங்கைக் கீறி முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பின்னால் கிணற்றடியில் பானை மினுக்கிக்கொண்டிருந்தேன். இவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். இடுப்பு வலி, முதல்நாள் நித்திரையும் இல்லை. கரி போகாத இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "பொறுங்கோ, வாறன், கை அலுவலாயிருக்கு," என்று குரல் கொடுத்தேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன். இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்த பிறகுதான் கை நின்றது. நான் யாருக்குப் பதில் சொன்னேன்?

ஓடிப் போனேன். அயல்வீட்டு ஆடு பாயில் ஏறி நின்று கிழங்கைச் சப்பிக்கொண்டிருந்தது. இவர் இடக்கையால் கதிரையில் அடித்தார். "இஞ்... சாஆரும்." வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வடிந்து, கதிரையை நிலத்தில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆட்டைக் கலைத்தேன். கிழங்கைப் பொறுக்கினேன். அழுகை வரவில்லை, அவ்வளவு களைப்பு. பாயிலேயே இருந்துவிட்டேன்.

கிளினிக்குக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை வசனம் வசனமாக அடுக்கிக்கொண்டு போனேன். அறைக்குள் போனதும் எல்லாம் போய்விட்டது. அவள் வழக்கம்போல, "இவங்க ஆரு ஐயா? பேரச் சொல்லுங்க பாப்பம்," என்றாள். இவர் மேசையைப் பார்த்தார். அவள் பேனையை எடுத்தாள். பயிற்சித் தாள்கள் ஏற்கெனவே பக்கத்தில் தயாராக இருந்தன.

சொல்லத் தெரியாதபடியால் எழும்பினேன். பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய், இவருக்குத் தெரியாதபடி சுவரோடு நின்றேன். வெளி விறாந்தையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முகம் கொதித்தது. உள்ளே, "அக்கா, எங்க போறீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. கதிரை அசைந்தது. நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"இஞ்சாரும்!"

நான் அசையவில்லை.

"இஞ்... சாஆரும்!" இந்த முறை கோபம்.

"வாறன், பொறுங்கோ," என்றேன்.

உள்ளே போனபோது அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்திருந்தாள். என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதையா அக்கா நீங்க இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லாம இரிந்தீங்க?" என்றாள். நான் நினைத்தது சரி, ஏசினதும் உபசரிப்பு மாதிரித்தான் இருந்தது. வருகிற கிழமையும் வரச் சொன்னாள். அதற்கடுத்த கிழமையும்.

திரும்பும்போது அதே பஸ், அதே கொண்டக்டர். இவருக்கு இப்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். யன்னல் திறக்க வேண்டுமா, இஞ்சாரும். பண்ணைக் கடலில் கொக்கு நிற்கிறதா, இஞ்சாரும். ரிக்கற் வெட்டிக்கொண்டு வந்த கொண்டக்டர் நின்று கேட்டார்.

"அண்ணை நெடுந்தீவோ?"

சிதைந்த அந்த ஒரு சொல்லிலும் அந்த இழுவை இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. இவர் தலையாட்டினார். கோணின வாயோடு சிரிக்கவும் செய்தார்.

"ஓம் தம்பி, நெடுந்தீவுதான்," என்று நான் சத்தமாகவே சொன்னேன். போன கிழமை என்னிடம் கேட்ட கேள்வியை அவர் மறந்திருந்தார். மறந்ததும் நல்லதுதான். அதற்குப் பதில் தேட எனக்கு இனி நித்திரையில்லாத நாட்களும் பஸ் பயணங்களும் எத்தனையோ கிடக்கின்றன. மண்கும்பான் தாண்டியதும் கண்ணை மூடினேன். பக்கத்திலிருந்து இவர் கூப்பிட்டார்.

"சொல்லுங்கோ," என்றேன், கண்ணைத் திறக்காமலே.